இரண்டாவது காசு

சுத்தியலை யார் எடுத்து வருவது என்பதில்தான் முதலில் தகராறு வந்தது.

“பாப்பா, மேல ரூம்ல ஆணி அடிக்கிற சுத்தி கிடக்கும். எடுத்துட்டு வா” என்றார் அண்ணன், டீ சொல்லிவிட்டு வா என்கிற அதே குரலில். அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. தலை பாதி நரைத்த பிறகும் பாப்பா என்று கூப்பிடுவதை அவள் என்றைக்கோ சகித்துக்கொண்டுவிட்டாள். இதைச் சகிக்க முடியாது.

“உங்களுக்குக் கால் இருக்குல்ல? நீங்களே போய் எடுங்க.”

எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டர் சிரித்தார். “சண்டை போடாதீங்க. நானே கொண்டாந்திருக்கேன்.” பையிலிருந்து சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அது வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தது. வீட்டிலேயே பக்குவமாகச் சுற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

அது பழைய காசு விற்கும் கடை. முன்பக்கம் அண்ணனின் வாய், பின்பக்கம் இவளுடைய கை, இந்த இரண்டில்தான் கடை ஓடியது. பழைய இரும்புக்கடைகளிலிருந்து செப்புக் காசுகள் மூட்டையாக வரும், எடை போட்டு வாங்கியவை. அழுக்கு இறுகி எல்லாம் ஒரே கருப்பாக இருக்கும். தெரியாதவர்கள் அதைப் புளியாலும் சாம்பலாலும் தேய்த்துப் பளபளக்க வைத்துவிட்டு, நல்ல விலை வரும் என்று காத்திருப்பார்கள். செம்பின் மேல் படிகிற அந்தப் பழுப்பு அழுக்கல்ல, காசின் தோல். காற்றும் ஈரமும் மனிதக் கைகளும் சேர்ந்து காலம் காலமாக வளர்த்த தோல். அதை உரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் செப்புத் துண்டு. அதனால் அவள் காசுகளை எண்ணெயில் ஊறப் போடுவாள். வாரக்கணக்கில் ஊறும். பிறகு மெத்தென்ற மரப்பலகை ஒன்றில் வைத்து, பல்குத்தும் குச்சியால் எழுத்துக்கு எழுத்து அழுக்கை நெம்பி எடுப்பாள். அவசரம் என்ற சொல்லுக்கு அந்த மேசையில் இடமில்லை.

அப்படி நெம்பும்போதுதான் அது கிடைத்தது. ஆண்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் இரட்டையாகத் தெரிந்தன. கண்தான் கலங்குகிறது என்று துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இரட்டைதான். காசு அடிக்கிற அச்சை எஃகில் செய்வார்கள். மூல அச்சு ஒன்றை அந்த எஃகின் மேல் வைத்து அழுத்துவார்கள். ஒரே அழுத்தில் ஆழம் வராது. இன்னொரு தடவை அழுத்த வேண்டும். அந்த இரண்டாம் தடவை ஒரு மயிரிழை நகர்ந்து போனால், அந்த அச்சில் அடிக்கிற ஒவ்வொரு காசிலும் எண்ணுக்குப் பக்கத்தில் எண்ணின் நிழல் விழும். அந்த ஆண்டு அடித்த காசில் அந்தத் தவறு நடந்ததும், உடனே கண்டுபிடித்து எல்லாவற்றையும் உருக்கிவிட்டதும் சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். உருக்கலுக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. அது இந்தப் பல் டாக்டரிடம் இருந்தது. கண்காட்சிகளில் கண்ணாடிக்குள் வைத்து, பக்கத்தில் தானும் நிற்பார்.

இப்போது இரண்டாவது இருக்கிறது. அதைக் கண்டெடுத்தவள் இவள். சேகரிப்போர் சங்கத்தின் பத்திரிகைக்குப் படத்தோடு எழுதிப் போட வேண்டும் என்று துள்ளிக்கொண்டு அண்ணனிடம் சொன்னாள். எண்ணெய் முழுக்க வடிந்த பிறகுதான் அவள் எந்தக் காசையும் படம் எடுப்பாள். இல்லாவிட்டால் வெளிச்சம் வழுக்கும். அது அண்ணனுக்கும் தெரியும். வடிவதற்குள் இந்த டாக்டருக்கே விற்றுவிட்டார்.

“கடை வாங்கின மூட்டை, கடைக் காசு. இதுல நீ மூஞ்சியைத் தூக்க என்ன இருக்கு?”

“வித்ததுக்கு இல்லண்ணே. உடைக்கிறதுக்கு வித்தீங்க பாருங்க, அதுக்கு.”

டாக்டர் பொறுமையாகக் குறுக்கே வந்தார். “ஒண்ணு இருந்தா அபூர்வம்மா. ரெண்டு இருந்தா ஜோடி. ஜோடியைப் பார்க்க எவன் வரிசையில நிப்பான்?”

“ரெண்டையும் நீங்களே பூட்டி வெச்சுக்கோங்க. யாரு கேக்கப் போறா?”

“எனக்கப்புறம் என் பையன் ரெண்டையும் சேர்த்துக் காட்டிடுவான். அவனுக்கு வாய் ஊருக்கே நீளம்.”

“சரி, அப்ப உங்களுதை உடைங்க. இது அதைவிட நல்லாருக்கு.”

“பாப்பா!” என்றார் அண்ணன். டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்து, காசை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். நல்ல கண் அவருக்கு. பார்க்கப் பார்க்க முகம் இளகியது. ஒரு நொடி அவளுக்கு நம்பிக்கைகூட வந்தது.

“உண்மைதாம்மா. என்னுதுல கடைசி எண் தேய்ஞ்சிருக்கு. இது அன்னிக்கு அடிச்ச மாதிரி இருக்கு.” காசை அண்ணனிடம் நீட்டினார். “ஆனா என்னுதைத்தான் ஊரே பார்த்திருக்கு. இதை யாரும் பார்க்கலையே.”

“நான் பார்த்தேன்.”

டாக்டர் சுத்தியலை அண்ணன் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் ஒரு ஆளா என்ன?

அண்ணன் அவளுடைய பலகையையே இழுத்துக்கொண்டார். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே அடிக்க அவருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. ஆண்டு எண் அடியில் போகக் காசைக் கவிழ்த்து வைத்து, ஓங்கி ஒரு அடி அடித்தார். எண்ணெய்க் கிண்ணம் குலுங்கியது. காசு எகிறி விழுந்தது. டாக்டர் குனிந்து எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“பலகை மெத்துன்னு இருக்கு, அடியை அது வாங்கிக்குது. எண்ணுக்கு ஒண்ணும் ஆகல பாருங்க. கல்லுத் தரையில வைங்க. எண் மேல இருக்கட்டும்.”

கல்லில் சத்தம் வேறு மாதிரி இருந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தாள். அடி நின்றபோது டாக்டர் இடுக்கியால் அந்தத் தகட்டை எடுத்து, சுத்தியல் இருந்த கைக்குட்டையிலேயே மடித்து வைத்தார். “பிடுங்கினாத்தான் நிம்மதின்னு சில பல்லு இருக்கும்மா” என்றார் ஆறுதல் போல.

“அது சொத்தைப் பல்லு டாக்டர். இது சொத்தையா?”

அவர் செருப்பை மாட்டப் போய்விட்டார். அண்ணன் வாசல்வரை கூடவே போனார்.

அவள் குச்சிகளையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்க்கப் போனாள், அதில் ஊறிக்கொண்டிருந்த மற்ற காசுகள் என்ன பாவம் செய்தன என்று நிறுத்தினாள். அந்தப் பலகையையாவது வீசி எறியலாம் என்று எடுத்தபோது மேசை விளக்கின் வெளிச்சம் பக்கவாட்டில் அதன் மேல் விழுந்தது.

மரத்தில் ஒரு வட்டம் பதிந்திருந்தது. விளிம்பு, எழுத்துகள், அடியில் ஆண்டு. இடவலம் மாறி, குழிவாக, எஃகு அச்சில் அன்றைக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படியே. கடைசி இரண்டு இலக்கங்களின் பக்கத்தில் அவற்றின் நிழல்.

“பாப்பா, அந்தப் பலகையைத் தூக்கிப் போடு. நாளைக்குப் புதுசு வாங்கித் தரேன்” என்று வாசலிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். டாக்டர் ஏதோ சொல்ல, இருவரும் சிரிப்பது கேட்டது.

அவள் கேமராவை அதன் மேல் தாழ்த்தினாள். விளக்கின் கழுத்தைப் பிடித்து இன்னும் கீழே, மரத்தை உரசுகிற அளவுக்கு வளைத்தாள், எண்ணும் அதன் நிழலும் தனித்தனியாகத் தெரியும்வரை.