கல்லறை ராணியின் தோல் நிறம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களே கண்டுபிடித்துத் திட்டுவதைவிட அது உத்தமம். என்னுடைய நிறக்குறிப்பு நோட்டில் ஒரு வார்த்தை இருக்கிறது. பென்சிலால் நான் எழுதியது. அந்த ஒரு வார்த்தையால் என் அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு என் வீட்டை விட்டுப் போனாள். அது இல்லையென்றால் இந்தக் கதை வேண்டியதில்லை. அழித்தும் பார்த்தேன். (எழுத்து போனது. அழுத்தி எழுதிய பள்ளம் போகவில்லை.)

தொடக்கம் ஒன்று: கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. ராணி தன் மெலிந்த கையை நீட்டி

நீட்டமாட்டாள். ராணியின் உயரம் மூன்றரை சென்டிமீட்டர், முழங்கை மடங்காது.

தொடக்கம் இரண்டு: என் அக்கா மிகவும் நல்லவள்.

இதையும் அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் மூன்றாம் பக்கத்தில் அக்கா செத்துவிடுவாள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தவிர, அவள் அவ்வளவு நல்லவளும் இல்லை. வாயைத் திறந்தால் எதிராளி தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும்.

2

பகலில் நான் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் அச்சுக்குப் பொய்ப்பல் செய்து, பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகும்படி நிறம் ஏற்றித் தர வேண்டும். நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. இருபது வருடம் இதைச் செய்ததில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் நிறம் தெரியும், ஆள் பிறகுதான்.

வீட்டுக்கு வந்ததும் பொம்மைகளுக்குப் பூசுவேன். குழந்தைகளுடையவை இல்லை. வளர்ந்தவர்கள் மேஜைமேல் பாழடைந்த கோட்டையும் காடுமாக அடுக்கி, ஆளுக்கொரு படையை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு ஒன்று உண்டு. படை முழுக்கச் சாம்பல் நிறத்தில் மொட்டையாக வரும். பூசப் பொறுமை இல்லாதவர்கள் என்னிடம் தருவார்கள். எனக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் பெண்கள்: சூனியக்காரிகள், செத்தும் அடங்காத மணப்பெண்கள், ரத்தம் குடிக்கும் சீமாட்டிகள். முதலில் நிறம் பிடிக்க ஒரு கறுப்பு ப்ரைமர், அதன்மேல் அடி நிறம், மடிப்புகளில் தண்ணீராகக் கரைத்த சாயம், மேடுகளில் வெளிச்சம், கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்மணி.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மூச்சு விட்டுக்கொண்டே கண்மணி வைத்தால் மாறுகண் வந்துவிடும். மாறுகண் பேய்க்கு யாரும் பயப்படுவதில்லை.)

3

அக்கா தையல்காரி. பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் தைப்பாள். கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்குவதால் சொந்தத்தில் எல்லோருக்கும் அவள் டேப் அக்கா. அவளுடைய புற்றுநோய்ச் சிகிச்சைக்கான ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து இரண்டே பஸ் நிறுத்தம். அதனால் என்னிடம் வந்து தங்கினாள். முன்னறையில், ஜன்னல் பக்கம் கட்டில். அதற்கு எதிரே என் பூச்சு மேஜை.

மேஜையில் அப்போது கல்லறை ராணி நின்றிருந்தாள். தோளில் வௌவால், கையில் வாள், உடம்பில் பேருக்குக் கொஞ்சம் கவசம். அக்கா லென்ஸை வாங்கிப் பார்த்தாள்.

"இவ சண்டைக்குப் போறாளா, குளிக்கப் போறாளா?" என்றாள். "ரெண்டு விரல் துணி குடு, ஒரு சட்டை தச்சுத் தரேன்."

பொம்மையை விரலால் பிடித்தால் பூச்சு கெடும் என்பதால் ஏதாவது ஒன்றின்மேல் ஒட்டிப் பிடித்துக்கொள்வோம். தன் காலி மாத்திரை டப்பாவை அதற்குக் கொடுத்தவள் அக்காதான்.

முடி கொட்டத் தொடங்கியதும் வீட்டிலிருந்த இரண்டு கண்ணாடிகளையும் கழற்றச் சொன்னாள். டாக்டர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தோலோ கண்ணோ மஞ்சளானால் உடனே வர வேண்டும், மருந்து ஈரலைத் தாக்குகிறது என்று அர்த்தம், அதை நிறுத்தியாக வேண்டும். கண்ணாடி இல்லாமல் அதை எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டேன்.

"நீ எதுக்கு இருக்க? பல்லுக்கே கலர் பாக்கறவ, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லமாட்டியா?"

சொல்கிறேன் என்றேன். அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த வேலை.

4

ராணியைக் கொடுத்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். செத்தவர்களின் படை ஒன்றைப் பல வருடமாகச் சேர்க்கிறார். சாந்தமான மனிதர். "செத்தவளா இருக்கணும் மேடம், ஆனா அழுகியிருக்கக் கூடாது. பயமும் வரணும், கண்ணையும் எடுக்க முடியக் கூடாது" என்றார்.

மூன்று முறை தோல் பூசினேன். முதல் முறை சுண்ணாம்பு அடித்த சுவராக வந்தது. இரண்டாவது முறை மீன். மூன்றாவதைச் சொல்லவே வேண்டாம். நான்காம் வாரம் ஒரு காலையில் அக்கா தலையணையில் முகத்தைத் திருப்பினாள். கன்னத்தின் வெள்ளைக்கு அடியில் ஒரு பச்சை ஓடியது. கண்ணுக்குக் கீழே ஊதா. நான் தேடிக்கொண்டிருந்தது அங்கே இருந்தது.

பென்சிலை எடுத்தேன்.

நிறப் பாட்டில்களில் எண் இருக்கும். எனக்கு எண் நிற்காது. எங்கே பார்த்தேனோ அதையே பெயராக எழுதிவைப்பேன்: 'வாட்ச்மேன் மழைக்கோட்டு', 'லிஃப்ட் கதவுத் துரு'. எனவே இதற்கு 'அக்கா, காலை, ஜன்னல்' என்று எழுதினேன். வழக்கமான பக்கத்தில் எழுத என்னவோ கூசியது. நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதினேன். கூசியது என்பதைக் கவனியுங்கள். ஆகவே தப்பு என்று எனக்குத் தெரிந்திருக்கிறது.

தினமும் காலையில் அக்கா கேட்பாள், எப்படி இருக்கிறேன் என்று. நன்றாக இருக்கிறாய் என்பேன். பூசி மெழுகுவது எனக்குப் புதிதா? பிறகு அவள் மருந்து குடிக்கத் திரும்பியதும் தேதி போட்டு அளவு எழுதுவேன். வெள்ளை மூன்று, சாம்பல் ஒன்று, பச்சை துளி. உதட்டில் நீலம், தண்ணீராக.

ஒருநாள் அவள் கேள்வியை மாற்றினாள். "மஞ்சளா இருக்கேனா?"

"மஞ்சத் திரைச்சீலை வெளிச்சம்க்கா" என்றேன்.

5

இங்கே எழுத்து நின்றுவிட்டது. இந்தத் தங்கையை எனக்கு நம்ப முடியவில்லை. நிறமே பிழைப்பாக இருப்பவளுக்குத் தோல் மஞ்சளையும் துணி மஞ்சளையும் பிரிக்கத் தெரியாதா? வாசகர் கேட்கமாட்டாரா?

ஒரு வரைவில் அவளைத் தம்பியாக்கினேன். ஆண்பிள்ளை கவனிக்கவில்லை என்றால் ஊர் மன்னித்துவிடும். இன்னொன்றில் கண்பார்வை மங்கியவளாக்கினேன். மூன்றாவதில் அக்காவையே கொஞ்சம் கெட்டவளாக்கி, சின்ன வயதில் தங்கையை அவள் அடித்ததாக ஒரு

அடித்ததில்லை. என் சீருடைகளை எல்லாம் அவள்தான் தைத்தாள்.

சரி, உள்ளபடி சொல்கிறேன். பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன், அது உண்மை. தற்காலிகமாக இருக்கும் என்று நினைத்தேன், அதுவும் உண்மை. கடைசிக் காரணத்தை எழுத எனக்கு ஐந்து வரைவு ஆனது. மருந்தை நிறுத்திவிட்டால் அந்த நிறம் போய்விடும். ராணியின் கழுத்து இன்னும் பாக்கி இருந்தது.

6

அன்று நான் லேபில் இருந்தேன். அக்கா போன் செய்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து புதிய தேதியும் நேரமும் சொல்லப் போகிறார்களாம், குறித்துக்கொள்ள வீட்டில் ஒரு காகிதம் கூடவா இல்லை என்று கேட்டாள். என் கையில் யாரோ ஒருவரின் முன்பல் இருந்தது. "மேஜை மேல நோட்டு இருக்கு பாரு. கடைசிப் பக்கத்துல எழுதிக்க" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும்.

நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வாசலில் காரோடு நின்றிருந்தான். அக்கா செருப்பு போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நோட்டு மடியில் திறந்திருந்தது. சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் தையல் அளவை வாசிக்கும் குரலில் வாசித்தாள்.

"பதினெட்டாம் தேதி. அக்கா. நேத்தவிட மஞ்சள் கூட. அருமை."

நான் வாயைத் திறந்தேன்.

"எங்கிட்ட சொன்னதெல்லாம் பொய். இதுல எழுதினதுதான் நெசம்" என்றாள். "இன்னிக்கு இருபத்தொம்பது. பதினோரு நாளுடி."

நோட்டை மூடி மேஜையில் அதன் இடத்திலேயே வைத்தாள். அண்ணன் பெட்டியை எடுத்துக்கொண்டான். அன்று மாலையே டாக்டர் மருந்தை நிறுத்தினார். முன்னாலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அண்ணனிடம் சொன்னாராம். எவ்வளவு நன்றாக என்று அவர் சொல்லவில்லை, அண்ணனும் கேட்கவில்லை.

'அருமை' என்பது பூச்சுக்காரர்கள் சரியான கலவை கிடைத்தால் ஓரத்தில் எழுதுகிற வார்த்தை. 'லிஃப்ட் கதவுத் துரு'வுக்குப் பக்கத்திலும் எழுதியிருக்கிறேன். இதை அவளுக்கு விளக்கியிருக்கலாம். விளக்கினால் குறையும் தப்பா அது?

7

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று. தங்கை மறுநாளே ஓடிப்போய் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அக்கா கொஞ்சநேரம் விறைப்பாக இருந்துவிட்டு, "போடி கழுதை" என்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகப்பட்டேன்.

முடிவு இரண்டு. தங்கை ராணியைப் பூச்சுக் கரைப்பானில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து மொட்டைச் சாம்பலாக்கித் திருப்பிக் கொடுக்கிறாள். நல்ல முடிவு. செய்திருக்க வேண்டிய முடிவு. உண்மையில் கழுத்தை முடித்தேன். முடித்துக் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரர் ஐந்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் அவள் படைக்கு முன்னால் நிற்கிறாள் என்று சொல்கிறார்கள்.

முடிவு மூன்று. அக்கா அண்ணன் வீட்டில் நான்கு மாதம் இருந்தாள். நான் இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் அண்ணி எடுத்து, அவங்க தூங்கறாங்க என்றாள். அண்ணியின் குரலுக்குப் பின்னால் அக்காவின் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மூன்றாவது முறை நான் செய்யவில்லை. நேரில் போயிருக்கலாம். ஒரு பஸ் மாறினால் போதும்.

8

மூன்றாவதை இன்னும் முடிக்கவில்லை.

அண்ணன் சொல்லி அனுப்பியதும் போனேன். அந்த வீட்டு முன்னறையில் அக்காவைப் படுக்க வைத்திருந்தார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. உட்கார இடம் விட்டார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அக்காவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அண்ணி வந்து என் தோளைத் தொட்டு, "மூஞ்சியப் பாத்துக்க. எடுக்கப் போறாங்க" என்றாள்.

நிமிர்ந்தேன். துக்கம் வரவில்லை. வெள்ளை நான்கு என்று வந்தது. சாம்பல் இரண்டு என்று வந்தது. காதோரம் என்ன கலக்கலாம் என்று

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. என்னைச் சுற்றி எல்லோரும் அழுதார்கள். துக்கம் தாங்கமுடியாமல் மூடிக்கொண்டேன் என்று நினைத்து அண்ணி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மறுபடி திறந்தபோது முகத்தை மூடிவிட்டார்கள்.

எனவே அக்காவின் கடைசி முகத்தை நான் பார்க்கவில்லை. கோபமாக இருந்தாளா, சமாதானமாக இருந்தாளா, என்னிடம் சொல்ல ஏதாவது மிச்சம் வைத்திருந்தாளா, எனக்குத் தெரியாது. அண்ணியிடம் கேட்கலாம். கேட்டால் நன்றாக இருந்தாள் என்றுதான் சொல்வாள், எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்.

இந்தக் கதைக்கு முடிவு அந்த முகம்தான். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் நான் குறுக்கே வரமாட்டேன். நிறத்தை மட்டும் எழுதாதீர்கள்.