பச்சைத் தண்ணீரின் மேல் விழுந்த பழி

மாத்திரை அட்டையை வெட்டும் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் வீங்கி நுழையாமல் போன நாளிலிருந்து, மருந்துக்கடையில் அவளுக்குக் காரணம் சொல்லாதவர்கள் இல்லை. எல்லாம் வாயு, உருளைக்கிழங்கை நிறுத்து என்றார் முதலாளி. அக்கா ஓயாமல் சொடக்கு எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன் என்றாள் பில் போடும் பெண். இருமல் மருந்து வாங்க வந்த யாரோ ஒருவர் போகிறபோக்கில், புளிப்பு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாருக்கும் தலையாட்டினாள். உருளைக்கிழங்கை விட்டாள், சொடக்கை விட்டாள், புளிப்பையும் விட்டாள். வீக்கம்தான் அவளை விடவில்லை.

வீட்டில் முடிவாகியிருந்த காரணம் வேறு. எட்டு மாதத்துக்கு முன் வந்த நாத்தனார், அவள் கைகளைத் தன் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் சொன்னாள்:

"ஹீட்டர் கெட்டுப்போய் எத்தனை வருஷம் ஆச்சு? விடியறதுக்கு முன்னாடி பச்சத் தண்ணியில துணி தோய்ச்சுக்கிட்டே இருந்தா, கை என்ன இரும்பா? கேட்டா பாக்கலாம் பாக்கலாம்னே சொன்ன. இப்போ பாரு, நல்லா பாரு."

மறுநாள் ஹீட்டர் சரியானது. அதோடு அவள் கணவரும் மாறிப்போனார். பள்ளி வேனை எடுக்கப் போகுமுன் துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டார். டப்பாக்களின் மூடியை இறுக்காமல் வைத்தார். காலையில் அவள் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவதால், தலையும் வாரிவிட்டார். சீப்பு எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று இருபத்திரண்டு வருடமாகத் தெரியாத மனிதர். தொட்டால் அறுந்துவிடும் என்பதுபோல மேலாக, மேலாக வாருவார். உள்ளே சிக்கு அப்படியே கிடக்கும். அவள் அதையும் சேர்த்துக் கொண்டைக்குள் அமுக்கிக்கொண்டு வேலைக்குப் போவாள்.

அந்த மென்மையில் இருந்தது குற்றவாளியின் கை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அது வேண்டியிருந்தது. கேட்காமலே கிடைத்த முதல் பணிவிடை. அது எங்கிருந்து வந்தால் என்ன என்று இருந்துவிட்டாள்.

இன்று ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, முடக்குவாதம் என்றார். தண்ணீரைப் பற்றி அவளாகத்தான் கேட்டாள்.

"குளிர்ல வலி கொஞ்சம் அதிகமாத் தெரியலாம். ஆனா தண்ணியால இது வராதும்மா. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாம மூட்டைத் தாக்குது. குடும்பத்துல இருந்தா வரலாம், புகை பிடிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் அதிகமா வரும். உங்களுக்கு ஏன் வந்துச்சுன்னா, இதுதான்னு கைகாட்ட முடியாது."

மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கட்டுக்குள் வைக்கலாம் என்றும் சொன்னார். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் போடும் மாத்திரை. எத்தனையோ பேருக்கு அவளே வெட்டிக் கொடுத்தது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பாரம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. யார் மேலும் பழி இல்லை என்றால், நாளைக் காலை யார் தலை வாரிவிடுவார்? சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? அவர் எந்தச் சீட்டையும் படிக்கிறவர் இல்லை. இப்படியெல்லாம் கணக்குப் போடுகிறோமே என்று நினைத்தபோது வெட்கம்கூட வரவில்லை. அசதியாகத்தான் இருந்தது.

வீட்டில் அவர் வெந்நீரில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"மாத்திரை குடுத்திருக்காங்க."

அவர் ஒரே டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தண்ணியாலதான்னு சொல்லிட்டாங்களா?" என்றார்.

அவர் தோள்கள் இரண்டும் அடி வாங்கத் தயாராக மேலே ஏறியிருந்தன. எட்டு மாதமாக அவை அப்படித்தான் இருந்தனவோ? கையோடு சேர்த்து இதையும் தூக்கிக்கொண்டு நடக்க அவளிடம் தெம்பு இல்லை.

"தண்ணி இல்லையாம். நீங்க அன்னைக்கே ஹீட்டரைச் சரி பண்ணியிருந்தாலும் வந்திருக்குமாம்."

அவர் குழாயை மூடினார். "நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டதும் படுத்து, புரளாமல் தூங்கினார்.

மறுநாள் காலையில் விரல்கள் கட்டைபோலக் கிடந்தன. அவர் எழுந்து குளிக்கப் போன சத்தம் கேட்டது. பிறகு செய்தித்தாள் புரளும் சத்தம். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் சீப்பைப் பிடிக்கப் பார்த்தாள். அது நழுவித் தரையில் விழுந்தது.

செய்தித்தாள் சத்தம் நின்றது.

அவர் வந்து சீப்பை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து வாரத் தொடங்கினார். முதல் சிக்கு வந்தது. எப்போதும் அதைச் சுற்றிக்கொண்டு போகிறவர், இந்த முறை முடியின் அடியை முஷ்டியில் பிடித்துக்கொண்டு சீப்பை அழுத்தி இழுத்தார். அவள் தலை பின்னால் போய் வந்தது.

"வலிக்குதுங்க."

"வலிக்காம? எத்தனை மாசத்துச் சிக்கு இது. வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

அந்தக் கடுகடுப்பைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"காதுக்குப் பின்னாடியும் இருக்கு" என்றாள்.