எழுந்து நின்ற ஒருத்தி

மூன்றாவது விடைத்தாளிலும் கிணறு நூற்றுத் தொண்ணூற்றாறு மீட்டர் ஆழம் போனபோது விக்டோரியா பேனாவைக் கீழே வைத்தாள். கிணற்றில் போட்ட கல் தண்ணீரைத் தொட இரண்டு விநாடி ஆனால் ஆழம் எவ்வளவு என்பது கேள்வி. சரியான விடை பத்தொன்பது புள்ளி ஆறு. யாரோ ஒரு பிள்ளை புள்ளியை விட்டுவிட்டது. அது நடக்கக்கூடியதுதான். ஆனால் பதினொன்றாம் வகுப்பின் நாற்பது தாள்களையும் புரட்டி முடித்தபோது முப்பத்திரண்டு பேர் அதே கிணற்றை வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தாளின் தலையிலும் 'நான் காப்பியடிக்கவில்லை, அடித்தவரைக் கண்டும் மறைக்கவில்லை' என்று உறுதிமொழி அச்சாகியிருந்தது. அதன் கீழே அழகழகான கையெழுத்துகள்.

உறுதிமொழி, பிரின்சிபால் எட்வர்ட் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போய்க் கொண்டுவந்தது. தேர்வு அறைக்குள் ஆசிரியர் இருக்கக் கூடாது, பிள்ளைகளை நம்ப வேண்டும், தப்பு செய்தவர் தானாக ஒத்துக்கொண்டால் தண்டனை இல்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் அது. இங்கே இப்படி ஒன்று நடந்தால் மாவட்டமே திரும்பிப் பார்க்கும் என்றார் எட்வர்ட். விக்டோரியாவுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. இப்போது அதுதான் அவளுக்கு எரிந்தது. காலை வழிபாட்டில் அதை உருக்கமாக வாசித்தது அவள் குரல். தேர்வன்று வராந்தாவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதும் அவள்தான். உள்ளே சரசரப்பு கேட்டது. தாள் புரட்டுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பில் அவள் கத்தவில்லை. "யாரு யாருன்னு எனக்குத் தெரியும். பேரு படிக்க மாட்டேன். நீங்களா ஒத்துக்குனா ஒண்ணும் ஆவாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள்.

முதல் பெஞ்சில் இருந்த பரத் ஜன்னலுக்கு வெளியே போகும் லாரியைப் பார்த்தான். அந்தக் கிணற்றை முதலில் வெட்டியவன் அவன்தான் என்று அவள் ஊகித்திருந்தாள். மூன்றாவது பெஞ்சில் மோனிகா எழுந்து நின்றாள். "நான் பாத்து எழுதினேன் மிஸ்." அவளைச் சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேறு யாரும் எழவில்லை. விக்டோரியா ஐந்து நிமிடம் காத்திருந்தாள். பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு. ஒருத்தியாவது நின்றாளே என்று அதை எட்வர்டிடம் போய்ச் சொன்னாள்.

அடுத்த நாள் வழிபாட்டில் எட்வர்ட் மைக்கைப் பிடித்தார். திட்டம் வெற்றி பெற்றுவிட்டது, ஒரு மாணவி மனசாட்சிக்குப் பயந்து உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று மோனிகாவின் பெயரைச் சொன்னார். அந்தத் தேர்வில் அவளுக்குப் பூஜ்யம், ஒரு வாரம் பள்ளிக்கு வர வேண்டாம் என்றும் அதே மூச்சில் சொன்னார். விக்டோரியா விடைத்தாள் கட்டோடு அவர் அறைக்குள் போனாள்.

"ஒத்துக்குனா தண்டனை இல்லன்னு நீங்கதான சார் எழுதினீங்க?"

"இது தண்டனை இல்ல மிஸ். ஊட்ல இருந்து யோசிக்கட்டும்."

"மத்த முப்பத்தோரு பேரு? பாருங்க சார், ஒரே தப்பு."

அவர் கட்டைப் பிரிக்கவே இல்லை. "அவங்க ஒத்துக்கலயே. காப்பி அடிக்கலன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கிறாங்க. அத நாமளே நம்பலன்னா அப்புறம் இந்தத் திட்டத்துக்கு இன்னா அர்த்தம்?"

விக்டோரியா பிரிக்காத கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். இந்த ஆளை அறையலாம் போல இருந்தது.

பதினோரு மணிக்கு மோனிகாவின் அம்மா சாராள் வந்தாள். கம்பெனி பேக்கிங் பிரிவின் நீல மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பாதி ஷிப்டில் ஓடிவந்திருந்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடியே விக்டோரியாவின் எதிரில் நின்றாள்.

"காப்பி அடிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல மிஸ். எல்லாம் குந்திக்கினு கீறப்ப இது மட்டும் இன்னாத்துக்கு எழுந்து நின்னுச்சு? யாரு நிக்கச் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

சாராள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். குரல் உயரவில்லை. "சரி. இதுக்கு ஒரு வாரம். நிக்கச் சொன்ன உங்களுக்கு இன்னா மிஸ்?"

மோனிகா நிமிரவே இல்லை. அம்மா இழுத்த இழுப்புக்கு நடந்தாள். கேட் தாண்டி ஷேர் ஆட்டோவில் ஏறும்வரை விக்டோரியா பார்த்துக்கொண்டே நின்றாள். வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எதற்குச் சிரித்தார்களோ. ஆனால் முப்பத்தோரு பேர் இந்த வாரம் ஒரு பாடம் படித்துவிட்டார்கள், அதைச் சாகும்வரை மறக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லிக்கொடுத்தவள் அவள்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மதிப்பெண் பட்டியலை எழுதினாள். எட்டுப் பேருக்கு அவர்கள் வாங்கியது. முப்பத்திரண்டு பேருக்குப் பூஜ்யம். பரத்துக்கும்தான். அடியில், 'இந்த முப்பத்திரண்டு பேரும் ஒரே விடையை எழுதியிருக்கிறார்கள். ஒருத்திதான் ஒத்துக்கொண்டாள். வெளியே நின்ற எனக்கும் அன்றைக்கே சத்தம் கேட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் இருந்த மெர்சி டீச்சர் எட்டிப் படித்துவிட்டு, "பைத்தியமா உனக்கு? வேலை போய்டும்" என்றாள். விக்டோரியா பசை டப்பாவைக் கேட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்தபோது பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருந்தது. பிள்ளைகள் டிபன் டப்பாவும் கையுமாக முண்டியடித்தார்கள். யாரோ ஒருவன் தன் பெயரையும் எதிரே இருந்த பூஜ்யத்தையும் உரக்கப் படித்தான். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் வேகமாக இறங்கியது. கூட்டம் விலகி வழிவிட்டது.

"கிழிச்சிப் போடுங்க மிஸ் அத" என்றார் எட்வர்ட்.

விக்டோரியா திரும்பி, பட்டியலின்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். தாளின் வழியே ஊறிய காயாத பசை ரவிக்கையை நனைத்துக்கொண்டு சில்லென்று முதுகில் ஏறியது.