லோர்னாவின் கேட்ச்சர்

மில்வாக்கியில், கோர்ஸ்கி வீட்டில், பேஸ்பால் பருவத்துக்கு முன்பு நண்பர்கள் பத்துப் பேர் கூடி, நிஜ ஆட்டக்காரர்களைத் தங்கள் கற்பனை அணிகளுக்கு ஏலம் எடுப்பார்கள். ஏலத்தில் செலவழிக்க, வெறும் கணக்குக்கு, ஆளுக்கு இருநூற்று அறுபது டாலர். பந்து பிடிக்கும் கிழட்டு கேட்ச்சர் டிப்பெட்ஸை லோர்னா வருடாவருடம் கடைசியில், எல்லார் கையும் காலியான பிறகு, ஒரு டாலருக்கு எடுப்பாள். அவள் இறந்து ஐந்து மாதமாகிறது. இம்முறை அவளுடைய நாற்காலியில் அவள் கணவன் வெண்டல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு டிப்பெட்ஸ் மட்டும் போதும். ஆசை வெளியே தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று அவனும் கடைசிவரை காத்திருக்க நினைத்தான்.

முதல் பெயரையும் ஆரம்ப விலையையும் கோர்ஸ்கி சொன்னான்.

"டிப்பெட்ஸ். ஒரு டாலர்."

இன்னும் யாரும் ஒரு காசுகூடச் செலவழிக்கவில்லை; யார் வேண்டுமானாலும் விலையை ஏற்றலாம். வெண்டல் அவசரமாகக் கையைத் தூக்கினான்.

"ரெண்டு."

ஒருவர் காலை ஒருவர் வாரியே பழகிய கூட்டம், தட்டிலிருந்த சாசேஜையே பார்த்துக்கொண்டிருந்தது. கோர்ஸ்கி மேசையைத் தட்டினான்.

"முடிஞ்சுது. சாயங்காலம் வரைக்கும் நீ தவிக்க வேண்டாம்னுதான் அவன் பேரை மொதல்லயே சொன்னேன்."

"தேங்க்ஸ்டா."

"என்ன தேங்க்ஸ்? லோர்னா ஒரு டாலர்ல முடிச்சிருப்பா. ஒண்ணு கூடக் குடுத்துட்டியே, மடையா!"

வெண்டல் தாளில் டிப்பெட்ஸின் பெயரை எழுதினான்.

"அடுத்த வருஷம் ஒண்ணுக்கே எடுக்கறேன், பாரு."