டன்விச்சின் இரண்டு உறுப்பினர்கள்

நியூ லின் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதுதான் பாஸ்கரன் போனில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அந்தச் செய்தியைப் பார்த்தான். மகள் சிந்துவின் ஆசிரியர்களைச் சந்திக்கப் பெற்றோர் நேரம் பதிவு செய்யலாமாம். ஏப்ரல் விடுமுறையில் மூளைக்காய்ச்சல் வந்து அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடமே திரண்டு வந்து அழுதுவிட்டுப் போனது. கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியுமா என்ன? அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. வரலாற்று ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் பதிவு செய்துவிட்டு ரயிலேறினான்.

மனைவி வைஷாலி திட்டுவாள் என்று நினைத்தான். "எத்தனை மணிக்குங்க?" என்றாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் மார்ட்கேஜ் பேசுவார்கள், மழை பேசுவார்கள், சிந்து பெயரை மட்டும் எடுக்கமாட்டார்கள். யாராவது ஒருத்தர் வாய்விட்டு அவளைப் பற்றிப் பேசினால் போதும் என்றிருந்தது இருவருக்கும்.

பள்ளி ஹாலில் ஒவ்வொரு ஆசிரியரின் மேஜைக்கு முன்னாலும் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். இவர்களைக் கண்டதும் ஆசிரியர் பதறி எழுந்தார். இளம் வயசுக்காரர், பாவம். சிஸ்டத்தில் தவறு நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். பாஸ்கரன் தலையாட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தான். வைஷாலி உட்கார்ந்துவிட்டாள்.

"அவ எப்படிப் படிக்கிறான்னு கேளுங்க."

அவன் அதை ஆங்கிலத்தில் கேட்டான். ஆசிரியர் மெல்ல உட்கார்ந்தார்.

சிந்து கடைசியாக எழுதிய கட்டுரை டன்விச் தொகுதியைப் பற்றி என்றார். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பெரிய துறைமுகமாம். கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருக்களையும் தேவாலயங்களையும் தின்றுவிட்டது. அப்புறமும் நூற்றாண்டுக் கணக்கில், 1832 வரைக்கும், அந்த ஊர் பெயரைச் சொல்லி இரண்டு உறுப்பினர்கள் பாராளுமன்றம் போய்க்கொண்டே இருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் சிந்து இதைச் சொன்னபோது பாஸ்கரன் சிரித்திருந்தான். "ஊரே இல்லாம அந்த ரெண்டு பேரு எதுக்குடி?" "They just kept going, அப்பா."

"நிறையக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்," என்ற ஆசிரியர், திருத்திச் சொன்னார்: "கேட்கிறாள். முடிவுரையில் மட்டும் இன்னும் கவனம் வேண்டும்."

வைஷாலி கவனமாகத் தலையாட்டினாள். வீட்டில் போய்ச் சொல்லிக் கண்டிக்கப் போகிறவள் மாதிரி.

மணி அடித்தது. அடுத்த குடும்பம் வந்து நின்றது. அவர்களுடைய மகள் சூயிங்கம் மென்றபடி நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வராந்தாவில் வைஷாலி நின்றுவிட்டாள். "மேத்ஸ் மிஸ்ஸையும் பாத்திருக்கலாமேங்க."

பாஸ்கரன் போனை எடுத்தான். சிந்து பெயருக்குக் கீழே, கணக்கு ஆசிரியைக்கு இன்னும் ஒரு இடம் காலியாக இருந்தது.