ஐந்தாவது வயிற்றுவலி

அன்று காலையிலிருந்து மார்லிஸ் ஹ்ரூஸ்காவுக்கு நான்கு முறை குடல்வால் வீங்கிவிட்டது. ஐந்தாவது வீக்கத்துக்காகக் காகித அங்கியை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாள். மருத்துவக் கல்லூரியில் பகுதிநேர வேலை, பொய் நோயாளி. மாணவர்கள் வந்து வயிற்றை அமுக்கிப் பழகுவார்கள். வலப்பக்கம் கீழே அமுக்கினால் முனக வேண்டும். வீட்டில் எல்லாம் எப்படி என்று கேட்டால் மட்டும், அப்பா போன மாதம் இறந்ததைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கொடுத்த அட்டையில் எழுதியிருந்தது. நான்கு பேரும் கேட்கவில்லை. அப்பா நான்கு தடவையும் வீணாகச் செத்தார். நிஜ அப்பா நெப்ராஸ்காவின் குறுக்கே லாரி ஓட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தார்.

அவளுடைய கோட்டுப் பையில் இன்னொரு தாள் இருந்தது. அவள் படிக்கும் கல்லூரியில் இரண்டாம் வருடத்தில் முதன்மைப் பாடம் எதுவென்று எழுதித் தரவேண்டிய படிவம். இன்று ஐந்து மணி கடைசி. பட்டம் வாங்கிய பிறகு மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் உயிரியல் என்று எழுதுவார்கள். அப்படிச் சட்டமில்லை, பயம்தான். மார்லிஸுக்கும் டாக்டராகத்தான் ஆசை, ஆனால் எழுத நினைத்தது நாடகம். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வகுப்பு அதுதான்.

"அவங்க கேக்கற கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், பயாலஜி எல்லாம் முடிச்சிடு. மிச்ச நேரத்துல கூத்துகூட ஆடு," என்றிருந்தார் ஆலோசகர் பெக்ஸ்ட்ராம். "மார்க்கு மட்டும் விழுந்துச்சு, கூத்தாடிக்கு டாக்டர் ஆசையாம்னு சிரிப்பாங்கம்மா."

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஊர் சர்ச்சுப் பெண்கள் இப்போதே மார்லிஸை டாக்டராக நினைத்து, மச்சங்களைக் காட்டிச் சந்தேகம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஐந்தாவது மாணவன் உள்ளே வந்தான். கை ஐஸ் மாதிரி இருந்தது. அமுக்கினான், முனகினாள். பிறகு தன் உள்ளங்கையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்டான்: "வீட்ல எல்லாம் எப்படி இருக்கு?"

யாரும் கேட்காத கேள்விக்கான வசனம் அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"அம்மாகிட்ட இன்னும் சொல்லல," என்றாள்.

அவன் அக்கறையாகக் குறித்துக்கொண்டான். "எதைச் சொல்லல?"

சொன்னாள். நாடகம், படிவம், ஐந்து மணி, எல்லாம். நேரம் முடிந்த மணி அடித்ததும் அவன் குழம்பிப்போய், "இது அட்டையில இருக்கா?" என்றான்.

"இல்ல. அட்டைப்படி எங்கப்பா செத்துட்டாரு. மன்னிச்சுக்கோ. நீ காலேஜ்ல என்ன எடுத்த?"

"பயாலஜி. வீட்ல சொன்னாங்க." உள்ளங்கையைக் காட்டினான். நீல மையில் 'வீடு' என்று எழுதியிருந்தது. "இதைக் கேக்க எனக்குத் தானா வராது. எழுதி வச்சாத்தான்."

அவனிடமே பேனாவை வாங்கி, படிவத்தைத் தொடைமேல் வைத்து, நாடகம் என்று எழுதினாள். ஒரு எழுத்து காகித அங்கியிலும் பதிந்தது.

பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டே அம்மாவை அழைத்தாள். அம்மா நோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாடகமா? கிறிஸ்துமஸ் நாடகத்துல ஆடா வந்து மயங்கி விழுந்தவதானடி நீ?"

"அப்ப எனக்கு ஆறு வயசும்மா."

"அப்ப டாக்டர் இல்லையா?"

"டாக்டர்தான். அடுத்த பருவத்துக்கும் கெமிஸ்ட்ரி எடுத்திருக்கேன். ரெண்டையும் முடிப்பேன்."

"சர்ச்சுல கேட்டா என்னடி சொல்லுவேன்?"

"மச்சம் காட்டறத நிறுத்த வேணாம்னு சொல்லு."

அந்தப் பக்கம் குழாய் நின்றது. அம்மா போனை வைக்கவில்லை.

ஐந்தாகப் பத்து நிமிடம். பதிவாளர் அலுவலக ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண்மணி படிவத்தைப் படித்தாள். பிறகு மார்லிஸின் கோட்டுக்குக் கீழே தொங்கிய காகித அங்கியைப் பார்த்தாள்.

"என்னம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்துட்டியா?"

"இல்லீங்க. இன்னும் அங்க போய்ச் சேரல."

பின்னால் யாரோ கதவைத் திறந்தார்கள். பனிக்காற்றில் அங்கியின் கிழிந்த ஓரம் படபடத்தது. காதோரம் போனில் அம்மாவின் குரல்: "என்னடி சத்தம் அது? கோட்டு போட்டிருக்கியா?"

அந்தப் பெண்மணி முத்திரையை எடுத்து, மையில் இரண்டு முறை ஒற்றினாள்.