மண்டிக் கதவில் ராஜா தலை

சங்கரன்கோவில் பஜாரில் அய்யாத்துரையின் முகம் தெரியாத வியாபாரி கிடையாது. அதுதான் அவரைப் பிடித்த சனியன். அரிசிக்கும் துணிக்கும் கன்ட்ரோல் இருந்த காலம் முழுக்க அவர் சிவில் சப்ளை இன்ஸ்பெக்டராக இந்தத் தெருக்களில்தான் அலைந்தார். கிட்டங்கியைத் திறக்கச் சொல்லி மூட்டைகளை எண்ணுவார், கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவார், கோளாறு தட்டுப்பட்டால் கதவைச் சாத்தி அரக்கு வைத்துவிட்டுப் போவார். ஐம்பத்திரண்டாம் வருஷம் அரசாங்கம் கன்ட்ரோலை எடுத்தபோது வியாபாரிகள் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். அய்யாத்துரைக்கு வேலை போயிற்று.

ஐம்பதை எட்டப்போகிற மனுஷனுக்குப் புதிதாக யார் வேலை தருவார்கள்? பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிச் சரித்திரப் பேராசிரியர் தந்தார். கொரியாச் சண்டையில் எகிறிய பருத்தி விலை அந்த வருஷம் தலைகுப்புற விழுந்திருந்தது. மண்டிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. மூடுகிறவர்கள் தாத்தா காலத்து நாள்வழி, பேரேடுகளை எல்லாம் எடைக்குப் போட்டார்கள். சிவகாசிக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். பட்டாசுக் குழாய் சுற்ற அந்தக் காலத்துக் கெட்டிக் காகிதத்தைப் போல வேறு காகிதம் இல்லையாம். "நூறு வருஷக் கணக்கு ஒரே தீபாவளியில வெடிச்சுப் போகுது அய்யாத்துரை. எங்கெங்கே என்ன இருக்குன்னு பார்த்து எழுதுங்க. முடிஞ்சா ஒரு மண்டியோட புத்தகமாவது முழுசாக் கொண்டுவாங்க" என்றார் பேராசிரியர். ஒன்றாவது வந்தால்தான் கல்லூரிக் கமிட்டி வேலையை நீட்டிக்கும் என்பதையும் சொன்னார். வாங்குவதற்குப் பணம் மட்டும் கிடையாது, கேட்டுத்தான் பெற வேண்டும்.

கேட்கத்தான் போனார். முதலில் நூல் வியாபாரி தங்கப்பழம் அண்ணாச்சியிடம்.

"சரித்திரத்துக்கா?" அண்ணாச்சி சிரித்துவிட்டார். "கன்ட்ரோல் காலத்துல எஞ் சரித்திரத்தையே எழுதி மேல அனுப்புன ஆளுல்லா நீரு! இப்பம் எங்க தாத்தா சரித்திரம் வேணுமாக்கும்?"

"சத்தியமா காலேஜுக்குத்தான் அண்ணாச்சி. இப்பம் நான் ஆபீசரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"நான் நம்புதேன் வே" என்று அண்ணாச்சி கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். மச்சில் இருந்த புத்தகங்களையும் காட்டினார். அய்யாத்துரை வருஷத்தையும் கட்டுகளையும் குறித்துக்கொண்டார். மறுநாள் விவரமாகப் பார்க்கலாம் என்று போனால், மச்சு கழுவித் துடைத்து விட்டதுபோல் கிடந்தது. கொல்லையில் வெந்நீர் அடுப்பைச் சுற்றிக் கருகிய காகிதம் பறந்துகொண்டிருந்தது. "கரையான் அரிச்சிட்டு வே" என்றார் அண்ணாச்சி, கண்ணைச் சிமிட்டாமல்.

அடுத்த வீட்டிலும் அதே கதை. சிவகிரியில் ஒருவர் கிணற்றில் போட்டுவிட்டார். வாசுதேவநல்லூரில் ஒருவர் சிவகாசி வண்டிக்குக் காத்திருக்காமல் தானே கூலி கொடுத்து அனுப்பிவைத்தார். சரித்திரம் என்று யார் காதில் ஏறும்? இந்த ஆள் பழைய பதுக்கல் கேஸைக் கிண்டத்தான் வந்திருக்கிறான், இல்லையென்றால் விற்பனை வரிக்காரன் அனுப்பியிருக்கிறான் என்று கடைக்குக் கடை பேச்சு பரவியிருந்தது. எந்தப் புத்தகத்தை அவர் தொட்டுப் பட்டியலில் எழுதுகிறாரோ, அந்தப் புத்தகத்துக்கு அன்றைக்கே ஆயுசு முடிந்தது. அவர் தொடாமல் விட்டிருந்தால் அது பாட்டுக்கு வீட்டில் கிடந்திருக்கும். தான் பார்க்கப் போவதால்தான் சாகிறது என்பது அவருக்கு மெதுவாகப் புரிந்தபோது, டீக்கடை பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே மனசு வரவில்லை.

கடைசியாக மிஞ்சியது செல்லச்சாமி மண்டி. ஊரிலேயே பழைய பருத்தி மண்டி அதுதான். விலை ஏறும் ஏறும் என்று பருத்தியைக் கட்டிவைத்திருந்த செல்லச்சாமி, விலை விழுந்த வேகத்தில் தானும் விழுந்து சித்திரையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி முப்பிடாதியம்மாளும் பத்து வயசு மகள் கோமுவும்தான் வீட்டில்.

அம்மாள் அவரை நிற்கவைக்கவில்லை, பாய் போட்டு உட்காரச் சொன்னாள். முன்னறையைத் திறந்துவிட்டாள். சுவரை ஒட்டி மேலே வரைக்கும் புத்தகக் கட்டுகள், சிவப்புத் துணி சுற்றியவை. ஒன்றை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் காய்ந்துபோன மஞ்சளும். தாது வருஷம், பெரிய பஞ்சம் வந்த வருஷம். புரட்டிக்கொண்டே போனார். யாரோ ஒரு கணக்குப்பிள்ளை நாள்தோறும் எழுதியிருந்தார்: 'வரத்து இல்லை. பற்று இல்லை. கடை திறந்திருந்தது.' அடுத்த பக்கமும் அதுவே. அதற்கடுத்ததும் அதுவே. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று மாசம்தான் மாறியது. ஆள் வராத கடையைத் திறந்துவைத்து, வரவில்லை என்பதையும் ஒழுங்காக எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான் அந்த மனுஷன். இத்தனை நாள் சம்பளத்துக்காகச் சுற்றியவருக்கு, இதை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது.

"இதையெல்லாம் காலேஜுக்குக் குடுத்தா பத்திரமா இருக்கும்மா."

"நாளைக்குச் சிவகாசிலருந்து வேல்சாமின்னு ஒருத்தர் வண்டி கொண்டு வாராரு ஐயா. அவருகிட்டச் சொல்லியாச்சு. இந்த அறையை வத்தல் ஏவாரி மஜீது பாய்க்கு வாடகைக்கு விடணும். அந்த வாடகையிலதான் நாங்க ரெண்டு பேரும் கஞ்சி குடிக்கணும், பிள்ளையும் பள்ளியூடம் போவணும்."

"ஒரு வாரம் பொறுங்க. நான் வண்டி கொண்டுவாரேன்."

"மஜீது பாய் பொறுக்க மாட்டாரு. சரக்கு வந்து நிக்கி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவுக போயிட்டாக. இனியும் எதுக்கையா கணக்கு கேக்கீய? எங்கிட்ட என்ன இருக்கு?"

அவள் கையைப் பார்த்தார். கதவு நிலையை விடாமல் இறுகப் பிடித்திருந்தாள். இவளும் தன்னைப் பழைய ஆபீசராகத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்த அந்தக் கணத்தில்தான் அவருக்கு அந்தப் புத்தி வந்தது. ஊரெல்லாம் புத்தகத்தைக் கொளுத்தவைத்த பயம், இந்த ஒரு வீட்டில் அதைக் காப்பாற்றட்டுமே!

"அறையைப் பூட்டுங்க. சீல் வைக்கணும்" என்றார். குரல் பழைய குரலாகவே வந்தது.

முத்திரையை ஆபீசில் ஒப்படைத்தாகிவிட்டது. பைக்குள் ஒரு துண்டு அரக்கு மட்டும் கிடந்தது. அதை உருக்கிப் பூட்டின்மேல் ஊற்றி, மடியில் இருந்த பழைய ரூபாயை எடுத்து அழுத்தினார். ராஜா தலை அழகாகப் பதிந்தது. அந்த வெள்ளைக்கார ராஜா ஊரைவிட்டுப் போய் வருஷம் ஐந்தாகிறது. ஆனாலும் அம்மாள் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

"நான் வாரவரைக்கும் யாரும் தொடக் கூடாது. ஒடைச்சா கேஸாயிரும்."

"தொட மாட்டோம் ஐயா" என்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. இவ்வளவு லேசாக முடிந்ததே என்று நிம்மதியாகவும் இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது.

பாளையங்கோட்டையில் பேராசிரியர் சந்தோஷத்தில் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் வண்டிக்கும் ரயிலுக்கும் ஆகிற செலவைக் கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். கமிட்டியில் ஒருவர் மதராசுக்குப் போயிருந்தார். அப்புறம் நவராத்திரி லீவு வந்தது. அதற்கப்புறம் காகிதம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போக மறுத்தது. ஒரு வாரம் என்று சொன்னது மாசத்தைத் தாண்டி ஓடியது.

"அந்த அம்மாகிட்ட ஒரு எட்டுப் போயி, அறையைத் தொறந்துக்கிடுங்கன்னு சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் அவர் மனைவி ஞானபூரணம். அவளிடம் எதையும் மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"சொன்னா மறுநாளே பொஸ்தகம் சிவகாசிக்குப் போயிரும்."

"அவங்க சாப்பாட்டுக்கு?"

அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போனார். தபாலில் இரண்டு வரி எழுதியிருக்கலாம். அதையும் எழுதவில்லை. புத்தகம் வந்து சேரட்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினார்.

அனுமதி கைக்கு வந்தபோது ஐப்பசியும் பாதி போய்விட்டது. சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு மாட்டுவண்டியைப் பேசிக்கொண்டு செல்லச்சாமி வீட்டுக்குப் போனார். வாசலிலிருந்தே கண் கதவைத்தான் தேடியது. கதவில் ஒரு பழைய பச்சைச் சீலை தொங்கிக்கொண்டிருந்தது. முப்பிடாதியம்மாள் பூக் கட்டிக்கொண்டிருந்தவள் அவசரமாக எழுந்து வந்து சீலையை விலக்கிக் காட்டினாள்.

ராஜா தலை முழுசாக இருந்தது.

"மேக்குப் பாத்த கதவு பாத்துக்கிடுங்க. நீங்க போன மூணாம் நாளே வெயில்ல அரக்கு இளக ஆரம்பிச்சிட்டு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. நாங்கதான் பேத்துட்டோம்னு ஆயிரும்லா. அன்னையிலருந்து வெயில் எறங்குத நேரம் சீலையைக் கட்டிருவேன். பூ விக்கப் போனாலும் அதுக்குள்ள ஓடியாந்திருவேன்."

அவள் சொல்லச் சொல்ல அய்யாத்துரைக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வீட்டுக்குள் பார்த்தார். அமைதியாக இருந்தது.

"பிள்ளையை எங்க?"

"திருவேங்கடத்துல எந்தம்பி வீட்டுல கொண்டு விட்டுட்டேன். மஜீது பாய் ரெண்டு தரம் வந்து பாத்தாரு. பொறவு வேற எடம் பிடிச்சிட்டாரு. பூ கட்டி ரெண்டு வயித்தை ரொப்ப முடியல." குறை சொல்கிற குரலே இல்லை. மழை பெய்யாததைச் சொல்வதுபோல் சொன்னாள். "தம்பி பொண்டாட்டி அவளை ஆடு பத்த அனுப்புதாளாம். அது கெடக்கு ஐயா. நீங்க எனக்கு ஒண்ணு செய்யணும். சீல் கெடாம இருந்துதுன்னு ஒரு கடுதாசி எழுதித் தாங்க. நாளைக்கு வேற ஆபீசர் வந்து கேட்டா காட்டணும்லா."

அய்யாத்துரை பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பேனா மூடியையும் கழற்றினார். கீழே என்னவென்று கையெழுத்துப் போடுவது? எழுதிக் கொடுத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் இந்தக் காகிதத்தையும் இவள் சீலை கட்டிப் பாதுகாப்பாள் என்று நினைத்தபோது கை ஓடவில்லை.

"அம்மா, ஒரு ஆபீசரும் வர மாட்டாரு. நான் ஆபீசரே இல்ல. எனக்கு வேலை போயி மாசக்கணக்காச்சு. இது சர்க்கார் சீல் இல்ல. எம் மடியில கெடந்த ரூவாயை வச்சு அழுத்துனேன். பொஸ்தகம் போயிரக் கூடாதுன்னுதான் அப்பிடிச் செஞ்சேன்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் கதவைப் பார்த்தாள்.

"அப்பம் மஜீது பாய் வந்தன்னைக்கு இதை ஒடைச்சிருக்கலாமா?"

"ஒடைச்சிருக்கலாம்மா."

"ஒடைச்சிருந்தா கேஸு இல்லியா?"

"இல்லம்மா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் கேட்டுக்கொண்டு நிற்கத் தயாராகத்தான் இருந்தார். வாசலில் வண்டிக்காரர், ஏற்ற வேண்டியது எது என்று கேட்டுக் குரல் கொடுத்தார். முப்பிடாதியம்மாள் கதவில் தொங்கிய சீலையை உருவிக் கையில் எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"தெனமும் வெயிலுக்கு முந்தி ஓடியாந்து கட்டுனேனே ஐயா" என்றாள்.